அரோகரா: எடுத்துக் கொடுப்பவரும் ஏற்றுச் சொல்பவரும்

அரோகராவுக்கு அகராதியில் பொருள் தேடுவது வீண்வேலை. ஹரன் சிவனின் பெயர். 'வெற்றிவேல் முருகனுக்கு' என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தால் கூட்டம் மகனுக்கு அப்பன் பெயரையே பதிலாகச் சொல்கிறது. யாருக்கும் இதில் குழப்பமில்லை. பொருள் சொல்லில் இல்லை. சொல்கிற முறையில் இருக்கிறது. முதல் பாதி நான்காம் வேற்றுமையோடு அந்தரத்தில் நிற்கிறது. கூட்டம் வாய் திறந்தால்தான் வாக்கியம் முடியும்.

கருத்தியல் மனிதரை விளித்தே தன்னிலையாக்குகிறது என்று 1970இல் அல்தூசர் எழுதினார். தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்கிறான், திரும்பிப் பார்த்தவன் மாட்டிக்கொள்கிறான். கடவுள் மோசேயை அழைப்பதும் அவர் காட்டும் உதாரணம்தான். இதை வைத்துப் பக்தியை அளப்பது நமக்கு எளிது: கூப்பிட்டார்கள், கூவினான், அடிமையானான். எனக்கு இது போதவில்லை.

பழனிப் பாதயாத்திரையில் கூப்பிடுவது யார்? காவடிக்காரர் கூப்பிடலாம், முட்டிவலிக் கிழவி கூப்பிடலாம், பொடியனும் கூப்பிடலாம். பதில் வந்தே தீரும். ஊர்க் குழுக்கள் சாதிவாரியாக நடப்பதுண்டு. ஆனால் இருட்டில் பின்னாலிருந்து வரும் குரலுக்குச் சாதி தெரியாது. கதிர்காமத்தில் சிங்களப் பௌத்தரும் 'ஹரோ ஹரா' என்கிறார்கள்.

மலையேறிச் சந்நிதிக்கு வந்ததும் கதை மாறுகிறது. அர்ச்சனையில் மந்திரம் ஒருவருடையது. நம் பங்கு பேரும் நட்சத்திரமும் சொல்வதோடு சரி. எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக 1971இல் வந்த சட்டத் திருத்தத்துக்கும், பயிற்சி பெற்ற 24 பேர் 2021இல் நியமிக்கப்பட்டதற்கும் இடையே 50 ஆண்டுகள். சாலையில் பொதுவாக இருந்த குரல் கருவறை வாசலில் தனிச்சொத்தாகிவிடுகிறது.

கூவுகிற வாய்க்குக் கேலியும் தெரியும். சீட்டுக்கம்பெனிக்காரன் ஓடிப்போனால் 'போட்ட பணம் கோவிந்தா' என்கிறோம். 'எல்லாம் அரோகரா' என்கிறோம். சாமிக்குச் சொன்ன சொல்லையே நஷ்டத்துக்கும் சொல்லிச் சிரிக்கிறவரை வெறும் அடிமை என்று எப்படி எழுதுவது? அல்தூசரின் தன்னிலைக்கு இந்தச் சிரிப்பு இல்லை.

நம் ஊர்வலங்களுக்கும் இதே வடிவம்தான். 'இன்குலாப்' என்றால் 'ஜிந்தாபாத்'. ஆனால் மைக் எப்போதும் மேடைக்காரர் கையில். முழக்கத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்; தொண்டருக்கு மிச்சம் பின்பாதிதான். பக்தியை மூடத்தனம் என்று ஒதுக்கும்முன் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். கடைசி வரிசையில் வரும் துப்புரவுத் தொழிலாளிப் பெண் தன் வாய்க்கு வந்த முழக்கத்தை எடுத்துக் கொடுத்தால், முன்வரிசைத் தோழர்கள் பதில் சொல்வார்களா, திரும்பிப் பார்த்து முறைப்பார்களா?