தஞ்சை அரண்மனைப் பேண்டும் இசை வரலாற்றெழுதியலும்

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் (ஆட்சி: 1798–1832) அரண்மனையில் ஐரோப்பிய முறைப் பேண்டு ஒன்று இயங்கியது என்பது இசை வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரு வரிச் செய்தியாகவே இடம்பெறுகிறது. அந்த ஒரு வரியும், வயலின் கருநாடக இசைக்குள் வந்த கதைக்கு முன்னுரையாகப் பயன்படுகிறது. மன்னர் மேலை இசையை ஆதரித்தார், அதனால் வயலின் வந்தது என்பதே அக்கதையின் சுருக்கம். காலமுறையையும் இடத்தையும் வைத்துச் சோதித்தால் இக்கதை நிலைபெறவில்லை. பேண்டின் தாக்கத்தை வயலினில் தேடியதால், அதைக் காணத்தக்க இடம் ஆய்வாளர் கண்ணில் படாமற் போயிற்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு, மிஷனரி சுவார்ட்ஸிடம் வயலின் பயின்றார் என்னும் செய்தி இன்றும் வழங்குகிறது. சுவார்ட்ஸ் மறைந்தது 1798 பிப்ரவரியில். வடிவேலு பிறந்ததாகக் கொள்ளப்படும் ஆண்டு 1810. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும். ஆயினும் செய்தி அழியவில்லை. சுவார்ட்ஸ் இளம் சரபோஜியின் காப்பாளராக இருந்தவர். ஐரோப்பியக் கலை எதுவாயினும் அவர்வழியே தஞ்சைக்கு வந்திருக்கும் என எண்ணுவது எளிது. நட்டுவனார் மரபில் வந்த ஒருவர் அயல் கருவியொன்றைத் தம் மரபின் துணைகொண்டே கைவசப்படுத்தினார் என்பதைவிட, பாதிரியார் கற்பித்தார் என்பது ஏற்புடையதாகத் தோன்றியிருக்கிறது. பிழை காலக்கணக்கில் மட்டும் இல்லை.

பொருத்தமான வழி வேறொன்று உண்டு. நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றவர். அவருடைய மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் இதனைப் பதிவுசெய்துள்ளார். குருவின் குடும்பத்திலேயே வயலின் இருக்கையில், வடிவேலு அதனை அங்கே அறிந்தார் எனக் கொள்வது ஊகமே எனினும் காலத்தோடு முரண்படாத ஊகம். சரபோஜியின் அமைச்சர் வராகப்பையர் வயலின் பயின்றதாகக் கூறும் மரபுவழிச் செய்தியும் சென்னையையே சுட்டுகிறது. 1834-இல் சுவாதித் திருநாள் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தபோது, அக்கருவி திருவிதாங்கூர் அவையில் மதிப்புப் பெற்றுவிட்டது. இந்த வரிசையில் தஞ்சைப் பேண்டுக்கு இன்றியமையாத இடம் எதுவுமில்லை.

தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களையும் தஞ்சைக் கணக்கில் சேர்த்துப் பேசுவது பொருந்தாது. ஏறத்தாழ நாற்பது எண்ணும் இப்பாடல்களின் மெட்டுகள், கும்பினிப் படையின் பேண்டு ஒலித்த சென்னைப் பகுதியோடு தொடர்புடையவை. 'சந்ததம் பாஹி மாம்' ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. சங்கராபரண மேளத்தின் சுரங்களில், கமகமின்றி, மெட்டு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. பல கருவிகள் வெவ்வேறு சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் ஹார்மனி விடப்பட்டது. பேண்டின் உயிர்நிலை அதுவேயாதலால், தீட்சிதர் கேட்டது பேண்டை எனினும் ஏற்றது ஒற்றை மெட்டை என்பதே சரி.

இனி அரண்மனைக்கு வருவோம். 1799 உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினிக்குச் சென்றது. சரபோஜிக்குக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு 1 இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கும் எஞ்சின. படையற்ற மன்னர் படைக்குரிய இசையை வைத்துக்கொண்டதைக் கலையார்வம் என்று மட்டும் விளக்குவது போதாது. அவருடைய ஆர்வம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது; சரசுவதி மகாலில் எஞ்சியுள்ள மேலை இசைக் குறியீட்டுச் சுவடிகளும், மராத்தியில் அவர் இயற்றிய நாட்டியத்துக்குரிய நிரூபணங்களும் அதற்குச் சான்று. ஆனால் பேண்டு, ஆளும் வல்லமையின் புதிய ஒலியுமாகும். கும்பினியின் அடையாளத்தை மன்னர் தம் அவைக்குள் ஒலிக்கச் செய்தது பணிவா, சமநிலைக் கோரலா என்னும் வினாவுக்கு இரண்டும் என்றே விடைகூறத் தோன்றுகிறது. பெரிய மேளத்தைப் பேண்டு அகற்றிவிடவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. புதிய ஒலி பழையதன் அருகில் நின்றது.

வாசித்தவர் பக்கமிருந்து பேண்டின் வரலாற்றை எழுதுவதற்குத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மோடி ஆவணத் தமிழாக்கங்கள் அடிப்படையாக அமையும். மன்னர் புகழ் பாடும் நூல்களைவிட நிருவாகக் குறிப்புகளே ஊழியர்பற்றிப் பேசத் தகுந்தவை. இசைத்துறையினர் இவ்வாவணங்களை வரலாற்றுத்துறைக்கு விட்டுவிடுவது வருந்தத்தக்கது.

தேட வேண்டிய மற்றோர் இடம் சின்ன மேளம். 19-ஆம் நூற்றாண்டில் சதிருக்குரிய முகவீணையின் இடத்தைப் பேண்டுக் கருவியான கிளாரினெட் பெற்றது. வயலினைப்போல் அமர்ந்து பாடும் கச்சேரிக்குள் செல்லாமல், நட்டுவனாரின் பின்னே நின்று ஒலித்தது. அரண்மனையில் பேண்டும் சதிரும் அருகருகே வாழ்ந்தமையை எண்ணினால், தஞ்சைப் பேண்டின் தாக்கத்தை இங்கே தேடுவதே முறை. 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்து அரசு முடிவுற்ற பின்னரும் கிளாரினெட் சதிரோடு நீடித்தது. 1930-களில் சதிர் பரதநாட்டியமாகிச் சபா மேடை ஏறியபின், அவ்விடத்தைப் புல்லாங்குழலும் வயலினும் பெற்றன. கிளாரினெட் ஏ.கே.சி. நடராஜன் போன்றோரால் தனிக் கச்சேரிக் கருவியாயிற்று. ஆயினும் மேலைக் கருவிகளின் வருகைபற்றிய நம் நூல்கள் வயலினுக்கு ஓர் இயலையும் கிளாரினெட்டுக்கு ஒரு பத்தியையும் ஒதுக்குகின்றன. இவ்விகிதம் சபாவின் விருப்பத்தைக் காட்டுகிறதேயன்றித் தஞ்சை அரண்மனையில் ஒலித்ததைக் காட்டவில்லை.