கோடுகளாய்த் தெரியும் வரலாறு

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கிய அதே 2005இல்தான் நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) என்ற மென்பொருளை லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். நிரல் படிக்கிற மலையகப் பிள்ளைகளிடம் நான் முதலில் திறந்து பார்க்கச் சொல்வது, அந்த வரலாற்றைப் படமாகக் காட்டும் கிட்-கேயை (gitk).

விண்டோஸில் கிட் போட்டால் கூடவே வந்துவிடும். பழைய தோற்றம்தான், ஆனால் கைமாறி வந்த மடிக்கணினியிலும் சட்டென்று திறக்கும். மேலே புள்ளிகளும் நிறக் கோடுகளும்: ஒவ்வொரு புள்ளியும் பதிந்துவைத்த ஒரு மாற்றம் (கமிட்), கோடுகள் கிளைகள். ஒரு கோடு பிரியும், தனியே நாலு புள்ளி போகும், திரும்ப வந்து சேரும். தெமோதரையில் ரயில் பாதை வளைந்து வந்து நிலையத்துக்கு அடியிலேயே நுழைவதை மேட்டில் நின்று பார்க்கிற மாதிரி. புள்ளியைத் தொட்டால் அன்று நீக்கிய வரி சிவப்பில், சேர்த்த வரி பச்சையில்.

கிட்டைக் கையாள வேறு செயலிகளும் உண்டு. கிட்ஹப் டெஸ்க்டாப் பழகுவதற்கு மிக எளிது. ஆனால் கிளைகளின் வரைபடம் அதில் இல்லை. எனக்கு அது பெரிய குறை. சோர்ஸ்ட்ரீயில் வரைபடம் உண்டு, லினக்ஸில் ஓடாது. கிட்கிராக்கன் கண்ணுக்கு அழகு, எங்கும் ஓடும். ஆனால் இணையத்தில் பிறருக்குத் திறக்காத களஞ்சியம் என்றால் காசு கட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, கமிட்டுகளைத் தயார்செய்யும் கிட்-குயி (git-gui). ஒரே கோப்பில் இரண்டு வேலை கலந்துவிட்டதா? வலது பொத்தானை அழுத்தி, வேண்டிய ஒற்றை வரியை மட்டும் பொறுக்கி கமிட்டில் சேர்க்கலாம். முழு வரலாறும் கணினிக்குள்ளேயே இருப்பதால், மழைக்கு சிக்னல் போன பின்னேரத்திலும் லயத்து அறையில் இருந்தே இத்தனையும் செய்யலாம். மேலே அனுப்பத்தான் இணையம் வேண்டும்.