மூன்று பூ விளையும் முகம்

வடசேரியில் ஓர் ஆவணிக் கல்யாணம். பந்திக்கு அடைப்பிரதமன் வரத் தாமதமானது. பெண்ணின் தாயார் எனக்கு மைனி முறை. தவசிப்பிள்ளையிடம் போய்ச் சத்தம் போட்டார். அவரோ சிரித்துக்கொண்டே, "வருகும்மா" என்று சொல்லிவிட்டுக் கரண்டி கழுவப் போய்விட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார் போல. கோபம் குரலில் இருந்தது, நெற்றியில் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் மைனி திருவனந்தபுரம் போய் போட்டாக்ஸ் ஊசி போட்டு வந்திருந்தார். "அது வெஷமாக்கும் மைனி" என்றேன். "நாலு மாசந்தானே, போனா போச்சு" என்றார்.

இந்தச் சிகிச்சையை எடைபோட அந்தப் பதிலே எனக்குப் போதும். அதன் பலமும் பலவீனமும் அதற்குள் கிடக்கின்றன.

விஷம் என்றது மிகையில்லை. 1895-ல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில், ஒரு சாவுக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள் பதப்படுத்திய பன்றித்தொடையைத் தின்று விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். நுண்ணுயிரியலாளர் எமில் வான் எர்மெங்கெம், போட்டாக்ஸில் இருக்கும் நச்சைச் சுரக்கும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தது அந்தச் சாவுகளை ஆராயப் போய்த்தான். தசையைச் சுருங்கச் சொல்லும் கட்டளையை நரம்பு நுனியிலிருந்து எடுத்துப்போவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அது வெளிவரும் வாசலை இந்த நச்சு அடைத்துவிடும். மூச்சுத் தசைக்கு இது நேர்ந்தால் மரணம். புருவ மத்தியில் நேர்ந்தால் வழவழப்பு.

கல்குளம், விளவங்கோடு பக்கத்து வர்ம ஆசான்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடித்தால் வீழ்த்தும் புள்ளியே தடவினால் ஆற்றும் என்பது அவர்களுடைய பாலபாடம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணி வைத்திருந்தவர்கள், சீடனை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்த பிறகே அவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். புருவ நடுச் சுருக்கத்துக்கு ஊசி இறங்கும் இடங்கள் 5, மொத்த அளவு 20 யூனிட். கொஞ்சம் விலகினால் இமை தொங்கிப்போகும். இதை இரண்டு நாள் பயிற்சியில் படித்துவிட்டு ஊசியைக் கையிலெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

மருந்தாக இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைக் கத்தியில்லாமல் நேராக்க வழி தேடி 1970-களில் இதைக் கையிலெடுத்தார். 1989-ல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. மூளைமுடக்குவாதத்தால் கால் விறைத்த குழந்தைகள், அடங்காத வியர்வைக்காரர்கள், நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்கள் என்று பலருக்கும் பின்னர் இது உதவியது. வான்கூவரில் ஜீன் காரதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் புருவ நடுவிலிருந்த கோடு மறைந்திருந்தது. அவரும் தோல் மருத்துவரான கணவர் அலஸ்டர் காரதர்ஸும் 1992-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். புருவச் சுருக்கத்துக்கான அமெரிக்க அனுமதி 2002-ல் வந்தது. இந்த அழகு பக்க விளைவாகப் பிறந்தது.

பிறந்த விதத்தால் அது தாழ்ந்துவிடாது. மாதம் ஒருமுறை தலைக்கு மை பூசும் நான், நெற்றிக்கு ஊசி போடுகிறவரைப் பழிக்க முடியாது. கத்தி இல்லை, தழும்பு இல்லை, பத்து நிமிட வேலை. கை தவறி இமை தொங்கினாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே எழும்பிவிடும். தவறை இவ்வளவு மன்னிக்கும் அழகுச் சிகிச்சைகள் குறைவு.

ஊசியின் பலன் மறைந்துபோகிறதே, அந்தக் குணத்தால்தான் இது மன்னிக்கிறது. வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவதும் அதே குணம்தான். நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். இந்த நெற்றிக்கு மூன்று. வயல் நெல்லாவது தரும். ஊசி பலிக்கிறது என்ற அவசரத்தில் மூன்று மாதம் ஆகும் முன்பே திரும்பப் போட்டால், உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி மருந்தைச் செயலிழக்கச் செய்யவும் கூடும்.

சிற்றூர்களில் எனக்குக் கூடுதலாக இன்னொரு பயம். குப்பியைக் கரைக்குமுன் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கரைத்தபின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது போட்டாக்ஸின் உறை. குப்பிக்குப் பல ஆயிரம் ரூபாய். பெருநகரத்தில் அதே நாளில் நாலு நெற்றி கிடைக்கும். இங்கே மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்கவும், தண்ணீரைக் கொஞ்சம் கூட்டவும் ஆசை வராதா? வந்தாலும் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குத் தெரியாது. பலன் தெரியவே சில நாள் ஆகும், முழுதாகத் தெரிய இரண்டு வாரம். பாலில் தண்ணீர் கலந்தால் அன்று காலைக் காப்பியிலேயே தெரிந்துவிடும்.

இதைவிட அபத்தம் ஒன்று உண்டு. ஊசி தளர்த்துவது தசை மடித்த கோட்டை. குளச்சலிலும் முட்டத்திலும் மீன்கூடை சுமந்து வெயிலில் நடந்த பெண்களின் முகத்தில் இருப்பது வெயில் கீறிய கோடு. அதற்கு இந்த ஊசியால் பெரிய பயனில்லை. சுருக்கத்தின் முதல் காரணமான வெயிலுக்குத் தொப்பியும் குடையும் போதும். அவற்றில் ஊசி போடுகிறவர்களுக்கு லாபமில்லை என்பதால் அவர்களுடைய விளம்பரப் பலகையில் அவற்றுக்கு இடமில்லை.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி பார்த்தவர்களுக்கு, இந்த ஊசி அசையாமல் நிறுத்தும் புருவத்தின் மதிப்பு தெரியும். வாய் பேசாத நடிகன் புருவத்தாலேயே சந்தேகப்படுவான், கெஞ்சுவான், கொல்லக் கிளம்புவான். முகத்தின் அசைவு எதிராளிக்கு மட்டுமானதல்ல என்றும் தோன்றுகிறது. 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புருவ நடுவில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் கோபமும் துயரமும் கொண்ட வாக்கியங்களைப் படித்துப் புரிந்துகொள்ளச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்தார்கள். ஒற்றை ஆய்வை வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன். ஆனாலும் கல்யாணத்தன்று மைனிக்கே தன் கோபம் எவ்வளவு கிடைத்தது என்று யோசித்தேன்.

மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்தன்று மைனியைப் பார்த்தேன். நெற்றி திரும்பி வந்திருந்தது. வளையல் கடைக்காரர் சில்லறை தர மறந்தார். மைனி வாய் திறக்கவில்லை, புருவத்தை மட்டும் நெரித்தார். பத்து ரூபாய் உடனே வந்தது. அடுத்த ஊசிக்குத் தை முதல் வாரத்தில் நாள் வாங்கியிருக்கிறாராம்.