குறை தெரிந்து போடும் ஓட்டு

2016 மே 16, சட்டமன்றத் தேர்தல் நாள். சுவாமிமலையில் பெண்கள் வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே உழைத்தவர் அம்மா. தன் ஓட்டு இரட்டை இலைக்குத்தான் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான் நோட்டாவை அழுத்தப் போவதாகச் சொன்னேன். “ஒரு பொம்பளை ஆளுறா. அவளுக்குப் போடாம, யாருக்கும் இல்லைன்னு போடுறதுக்கா வரிசையில நிக்கிறே?” என்றார்.

எங்கள் தொகுதி வேட்பாளரின் பெயர் அந்தப் பேச்சில் ஒரு தடவைகூட வரவில்லை. இயந்திரத்தில் இருந்தது சின்னம், சின்னத்துக்குப் பின்னால் ஜெயலலிதா. அவரைப் பெண்கள் எப்படி எடைபோடுவது என்பதுதான் எங்கள் சண்டை.

அம்மாவிடம் ஒரு கணக்கு இருந்தது. 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்துக்குள் அந்த அம்மாளுக்கு நேர்ந்த அவமானம். பிறகு ரேஷனில் விலையில்லா அரிசி. வீட்டுக்கு வந்த கிரைண்டர். ஆட்டுக்கல்லில் குனிந்து குனிந்து இடுப்பொடிந்தவருக்குக் கிரைண்டர் என்றால் என்ன என்பதை, இலவசத்தைக் கேலி செய்யும் ஆண்கள் அறியமாட்டார்கள்.

என்னிடமும் ஒரு கணக்கு இருந்தது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் அவர் ஆட்சியில் திறக்கப்பட்டது. அதே 1992இல், ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. பழங்குடிப் பெண்கள் 18 பேர் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அரசு மறுத்தது. ஒரு கையில் மகளிர் காவல் நிலையம், மறு கையில் வாச்சாத்தி. இதைச் சொன்னபோது அம்மா கேட்டார்: “வாச்சாத்தியா? அது எங்கடி இருக்கு?”

எதிர்ப்பக்கமும் தூய்மையாக இல்லை. பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு தந்த சட்டத்தை 1989இல் கொண்டுவந்தது தி.மு.க. ஆட்சி. சட்டமன்றத்தில் அந்த அவமானம் நடந்ததும் அதே ஆண்டில், அதே ஆட்சியில்தான். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் தரும் சட்டம் 2016இல் ஜெயலலிதா ஆட்சியில் வந்தது. 2003இல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டதும் அவர் ஆட்சியில்தான். கறையில்லாத வேட்பாளரைத் தேடுகிறவள் எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட முடியாது.

அப்படியானால் நோட்டாவா? 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த பொத்தான் அது. அதற்கு முன் 49-ஓ என்றால் தேர்தல் அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இரகசியம் போய்விடும். அந்த வகையில் நோட்டா நல்ல மாற்றம். ஆனால் நோட்டாவே அதிக ஓட்டு வாங்கினாலும், அடுத்து நிற்கும் வேட்பாளர்தான் சட்டமன்றம் போவார். அன்று அந்தப் பொத்தானை அழுத்தினேன். மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. ரேஷன் அரிசி நின்றால் அம்மாவுக்கு நட்டம். என் தூய்மைக்கு அவர் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவின் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. கிரைண்டர் வந்தது நம் வீட்டுக்கு, அடி விழுந்தது வேறொரு பெண்ணின் மேல். சமரசம் செய்கிறவள் ஒருத்தி, விலை கொடுப்பவள் இன்னொருத்தி என்றால், அதை நடைமுறை அறிவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குறைந்தபட்சம் அவள் ஊரின் பெயராவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு உதவியது வாச்சாத்திப் போராட்டமேதான். அந்த வழக்குக்காக நீதிமன்றம் போனவர் மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன். மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் கூட நின்றன. 2011 தேர்தலில் அதே மார்க்சிஸ்ட் கட்சி ஜெயலலிதாவோடு கூட்டணி வைத்தது. முதலில் இது எனக்குத் துரோகமாகப் பட்டது. ஆனால் கூட்டணிக்காக வழக்கு கைவிடப்படவில்லை. அவர் மறுபடி முதல்வராக இருந்த அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. வழக்கு முடிவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். கூட்டணி சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஓட்டைக் கொடுத்தாலும் வழக்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது மட்டும் அதில் தெளிவாகிறது.

எங்கள் ஊரில் வீதிக்கு வீதி சிலை வார்க்கிறார்கள். கண் திறந்த பிறகு சிலையைக் கேள்வி கேட்க மாட்டோம், கும்பிடுவோம். தலைவரையும் அப்படிக் கும்பிடுகிறவர்கள் சமரசம் செய்யவில்லை, சரணடைகிறார்கள். குறையைச் சொல்லிவிட்டுப் போடுகிற ஓட்டு, மறுநாளும் அந்தக் குறையைச் சொல்கிற ஓட்டு, அதுதான் சமரசம்.

2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை உறுதி செய்தது. செய்தித்தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“தெரிஞ்சிருந்தாலும் போட்டுத்தான் இருப்பேன்டி. ஆனா ஓட்டுக் கேட்டு வந்தவன்கிட்ட அந்தப் புள்ளைங்களுக்கு என்ன பதில்னு கேட்டுட்டுப் போட்டிருப்பேன்.”