நினைவு நாளும் நூற்பயிற்சியும்: பாரதி விழாக்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆண்டுதோறும் மீண்டு வரும் ஒரு நாளைச் சிறப்பு நாளாகக் கொண்டு போற்றுதல் தமிழ் மக்களுக்குப் புதியதொரு வழக்கமன்று. தொல்காப்பியர் புறத்திணையியலில் பாடாண் திணைக்குரிய துறைகளை எண்ணுமிடத்து, வேந்தனது பிறந்த நாளைக் கொண்டாடும் பெருமங்கலத்தையும் ஒரு துறையாக வைத்துள்ளார். புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாண்மங்கலம் என வழங்கும். ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தொல்காப்பியர் அந்நாளின் மங்கலத்தை மட்டும் கூறி அமைந்தாரல்லர். அந்நாளில் வேந்தன் தன் சினத்தை நீக்கியிருத்தலையும் உடன் சேர்த்தே கூறினார். எனவே, பண்டைப் பிறந்த நாள் விழா புகழுரைக்கு மட்டும் உரிய நாளன்று. ஒரு செயலையும் வேண்டி நின்ற நாள் என்பது பெறப்படும்.

அச்செயல் விழாவிற்குரிய வேந்தனைச் சார்ந்தது. இக்காலத்தில் நாம் எடுக்கும் விழாக்களிற் பல மறைந்தோர்க்கு உரியன. மறைந்தோர் தாமே ஒன்றைச் செய்தல் இயலாது. ஆதலின் அக்கடமை விழா எடுப்போரைச் சார்கின்றது. அவர்கள் செய்யத்தக்கது யாது? விழாவிற்குரியவர் புலவராயின், அவர்தம் நூல்களைத் திருத்தமுறப் பெற்றுப் பயிலுதலே அக்கடமை என்பது நம் கருத்து. சுப்பிரமணிய பாரதியாரின் விழாக்களைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதற்கண் நாளைப் பற்றிய செய்தியைக் காண்போம். பண்டை வழக்கில் திரும்பி வருவது விண்மீனாகும். முதலாம் இராசராசனுக்குரிய சதய நாள் இன்றும் தஞ்சையில் கொண்டாடப்படுகின்றது. ஆனால் அவன் பிறந்த ஆண்டு ஆராய்ச்சியாளர் உய்த்துணர வேண்டுவதாகவே உள்ளது. விண்மீனைப் பற்றிநின்ற மரபு நாளைக் காத்தது, ஆண்டைக் காக்கவில்லை. நூற்றாண்டு விழாவோ ஆண்டெண்ணிக்கையையே அடிப்படையாகக் கொண்டது. பாரதியார் இவ்விரு முறைகளும் ஒருங்கே வழங்கிய காலத்தவர். அவர் சித்திரபானு ஆண்டு கார்த்திகைத் திங்கள் 27ஆம் நாள் மூல மீனிற் பிறந்தார் எனவும் கூறுவர். 1882 டிசம்பர் 11இல் பிறந்தார் எனவும் கூறுவர். இரண்டும் ஒரு நாளையே குறிப்பன. இதில் முரண் இல்லை.

மறைந்த நாளில்தான் முரண் தோன்றுகின்றது. அவர் உயிர் நீத்தது 1921 செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணி அளவில் என்பர். ஞாயிற்றின் தோற்றத்தை நாளின் தொடக்கமாகக் கொள்ளும் நம் மரபின்படி அது 11ஆம் நாளின் இரவேயாகும். நள்ளிரவில் நாள் மாறும் ஆங்கில முறைப்படி அது 12ஆம் நாளாகும். தமிழ்நாட்டு அரசு 2021இல், அவர் மறைந்து நூறாண்டு நிறைவுற்றபொழுது, செப்டம்பர் 11ஐ 'மகாகவி நாள்' எனக் கொண்டாடப் பணித்தது. 12ஆம் நாளே சரியானது என்பாரும் உளர். இருசாராரும் நிகழ்ந்ததை ஒன்றாகவே அறிந்துள்ளனர். அளவுகோல் மட்டுமே வேறு. ஆகவே இவ்விவாதத்தில் மிக்க உழைப்பைச் செலவிடுதல் வேண்டா. நேரத்தையும் இருவகைக் கணக்கையும் சேர்த்துக் குறித்துவிட்டால் ஐயம் நீங்கும்.

இதனினும் கவலைக்குரியது வேறொன்று. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதனால் அவர் இறந்தார் என்பது விழா மேடைகளில் அடிக்கடி கேட்கப்படும் செய்தி. யானையால் அவர் தாக்குண்டது உண்மையே. ஆயின் அதன்பின் அவர் நலம்பெற்று மீண்டும் தம் பணியை மேற்கொண்டார். 1921 சூலைத் திங்களிறுதியில் ஈரோட்டுக் கருங்கல்பாளையத்து நூல்நிலையத்திற்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். அவர் உயிரைக் கொண்டது பின்னர் நேர்ந்த வயிற்று நோயே. ஆண்டுதோறும் நினைவு நாள் வந்தும் இத்தகைய பிழை நீங்காமல் நிலைபெறுமாயின், நினைவு வளர்ந்தது. அறிவு வளரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இனி, பொதுமக்களிடையே விழா ஆற்றிய நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. 1947 சனவரியில் வெளிவந்த 'நாம் இருவர்' என்னும் திரைப்படம் பாரதியாரின் பிறந்த நாள் விழாவிலே தொடங்கிக் காந்தியடிகளின் 77ஆம் பிறந்த நாள் விழாவிலே முடிகின்றது. விழாவையே கதைக்கு வாயிலாக அமைத்த படம் அது. நாடு விடுதலை பெறுதற்குச் சில திங்கள் முன்னரே, விடுதலை வந்துவிட்டதாகக் களிக்கும் பாரதியாரின் பாடலை டி. கே. பட்டம்மாளின் குரலில் அது மக்களுக்கு அளித்தது. எழுத்தறியாதாரும் அப்பாடலை அறிந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் எட்டயபுரத்து மணிமண்டபம் திறக்கப்பெற்றது. அப்படத்தை எடுத்த ஏ. வி. மெய்யப்பன் தம்மிடமிருந்த பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை 1949இல் விலை கொள்ளாது விட்டுக்கொடுத்தார். பாரதியாரின் நூல்கள் பொதுவுடைமையாதற்கு வழி திறந்தது. விழாவாலும் இசையாலும் திரையாலும் பெருகிய மக்கள் விருப்பம் இல்லையேல், ஒரு புலவரின் எழுத்தை நாட்டின் உடைமையாக்க வேண்டும் என்னும் குரல் அத்துணை வலிவு பெற்றிராது.

ஆயினும் விழாவிற்கு இயல்பாக உள்ள குறை ஒன்றுண்டு. அது வினாவை அடக்கிவிடும். பாரதியார் மகாகவியா என்பது 1930களில் வன்மையாக வாதிக்கப்பட்ட வினா. அப்பட்டம் அவருக்குப் பொருந்தாது என எழுதியவர் கல்கி. எதிர்த்து எழுதியவர் வ. ரா. முதலியோர். கு. ப. ராசகோபாலனும் சிட்டியும் தம் கட்சியை நிறுவ எழுதியவை 'கண்ணன் என் கவி' என்னும் திறனாய்வு நூலாக வெளிவந்தன. கவிதையின் இயல்பு யாது, பெருங்கவிஞன் என்பான் யாவன், பிறநாட்டுப் புலவரொடு நம் புலவரை ஒப்பிடும் முறை யாது என்பன போன்ற அடிப்படை வினாக்கள் அவ்வாதத்தில் எழுந்தன. பின்னர் மணிமண்டபம் எழ முன்னின்று உழைத்தவரும் அக்கல்கியே என்பது போற்றத்தக்கது. அன்று வாதத்திற்குரியதாக இருந்த சொல் இன்று நாட்காட்டியில் ஒரு நாளின் பெயராகிவிட்டது. அப்பெயர் பொருந்தாது என்று நாம் கூறவில்லை; பொருந்தும் என்றே கருதுகின்றோம். ஆனால் அம்முடிவிற்கு நாம் எவ்வாறு வந்தோம் என்பதை மாணவர் அறியாராயின், அவர்க்கு அது பட்டமே ஒழிய முடிபு ஆகாது.

இனி நூல்களின் நிலையை நோக்குவோம். பாரதியார் தம் வாழ்நாளிற் கண்ட நூல்கள் சிலவே. 'சுவதேச கீதங்கள்' 1908இலும், 'ஜன்மபூமி' 1909இலும், 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912இலும் வெளிவந்தன. 'கண்ணன் பாட்டை'ப் பரலி சு. நெல்லையப்பர் 1917இல் பதிப்பித்தார். 'பாஞ்சாலி சபத'த்தின் இரண்டாம் பாகம் அவர் மறைந்த பின்னரே அச்சேறியது. ஏனைய பாடல்களும் கட்டுரைகளும் 'சுதேசமித்திரன்', 'சக்கரவர்த்தினி', 'இந்தியா', 'விஜயா' முதலிய இதழ்களில் சிதறிக் கிடந்தன. நாம் இன்று காணும் தொகுப்பின் பகுப்பு முறையோ பிற்காலப் பதிப்பாளர் அமைத்தது. தேசியம், தோத்திரம், வேதாந்தம் எனப் பகுத்து வைத்தமையால், ஒரே காலத்தில் எழுந்த பாடல்கள் பிரிந்தன. பல்லாண்டு இடைவெளியில் எழுந்தவை ஒன்றாயின. சென்னையிற் செய்தியாளராக இருந்தபொழுது பாடியது எது, புதுச்சேரியிற் பத்தாண்டு மறைந்து வாழ்ந்தபொழுது பாடியது எது, மீண்டு வந்தபின் பாடியது எது என அறியாது, ஓரடியை எடுத்து அதுவே அவர் கொள்கை எனல் எங்ஙனம் பொருந்தும்? விழா மேடையிற் பெரும்பாலும் நிகழ்வது இதுவே.

1982இல் நூற்றாண்டு விழா பெருஞ்சிறப்புடன் நடைபெற்றது. அவ்வாண்டு வெளிவந்த நூல்களுள் தொ. மு. சி. ரகுநாதனின் 'பாரதி: காலமும் கருத்தும்' நிலைத்த பயனுடையது, கருத்தைக் காலத்தோடு பொருத்திக் காணும் முயற்சி அது. ஆனால் பாடல்களின் பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் கொணர்ந்த ஆய்வுப் பதிப்பு வெளிவந்தது 1987இல். சீனி. விசுவநாதன் கால வரிசையில் தொகுத்த பாரதி படைப்புகளின் 23 தொகுதிகள் ஒருங்கே வெளியிடப்பட்டது 2024 டிசம்பர் 11இல். அந்நாள் பாரதியாரின் பிறந்த நாளே. ஆயின் தொகுப்புப் பணியோ ஒருவரது வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொண்டது. இவற்றால் அறியத்தக்கது, விழா குறித்த நாளில் வந்துவிடும்; ஆராய்ச்சி தனக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளும் என்பதே. விழாவின் பொருட்டு ஆராய்ச்சியை விரைவித்தல் தீது. விழா முடிந்தமையால் அதனைக் கைவிடுதல் அதனினும் தீது.

நூலாய்வு சிலர்க்கே உரியது, விழா எல்லார்க்கும் உரியது எனச் சிலர் கூறக்கூடும். இக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் திருத்தமான பாடமும் சரியான காலக்குறிப்பும் எல்லார் கையிலும் செல்லத்தக்கவையே. ஒரு பாடல் எந்த இதழில், எந்த ஆண்டில், எந்நிகழ்ச்சியை ஒட்டி வந்தது என இரண்டு வரியிற் கூறுதற்குப் புலமை மொழி வேண்டியதில்லை. பள்ளிச் சிறுவனும் அதனை விரும்பிக் கேட்பான்.

ஆகவே, தமிழ்த்துறைகள் ஆண்டுதோறும் வரும் டிசம்பர் 11ஆம் நாளுக்கு ஒரு சிறு கடமையை வகுத்துக்கொள்ளலாம். அந்நாளில் ஒரு பாடலை மட்டும் எடுத்துக்கொள்க. அதன் முதல் அச்சையும் பிற்பதிப்புகளையும் மாணவர் ஒப்பிடுக, வேறுபாடுகளைக் குறித்துவைக்க, கிடைக்காத இதழ் எதுவெனக் கண்டு அதனைத் தேடும் பணியை அடுத்த ஆண்டு மாணவர்க்கு விடுக்க. சொற்பொழிவும் இசையும் அதன்பின் நிகழட்டும். பிறந்த நாளில் வேந்தன் சினம் நீக்கினான் என்பது இலக்கணம். புலவரின் நாளில் அவர் நூலிலுள்ள ஒரு பிழையேனும் நீங்குமாயின், அவ்விழா பயனுடையதெனக் கொள்வோம்.