கோடு பொருந்தினால் போதுமா? எர்செம் கடல் மாதிரியைப் பற்றி ஒரு விமர்சனம்

வடகடலில் குளிர்காலப் புயல்கள் தண்ணீரை மேலிருந்து அடிவரை கலக்கிவிடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மேல்மட்டத்துக்கு வந்து வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும். வசந்தத்தில் வெயில் ஏறியதும் பைட்டோபிளாங்க்டன் எனும் தாவர மிதவைகள் சில வாரங்களிலேயே பல மடங்கு பெருகும். அவற்றைத் தின்னும் விலங்கு மிதவைகள் பின்னாலேயே வரும். செத்து மூழ்குவதைக் கடலடிப் புழுக்களும் பாக்டீரியாக்களும் சிதைத்து, சத்தைத் திரும்பத் தண்ணீருக்கே அனுப்பும்.

இந்தச் சுழற்சியை முழுசாகக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சிதான் எர்செம். 'ஐரோப்பிய வட்டாரக் கடல்களின் சூழலமைப்பு மாதிரி' என்பதன் சுருக்கம். 1990களின் தொடக்கத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். இப்போது பிளிமத் கடல் ஆய்வகம் பராமரிக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எளிய மாதிரிகள் பல, உயிர்களுக்குள் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் எப்போதும் 106:16:1 என்ற விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளும். எர்செம் அப்படிச் செய்வதில்லை. சத்து கிடைப்பதைப் பொறுத்து விகிதம் மாறும். ஆற்று முகத்துவாரத்தில் நைட்ரஜன் குவிந்து பாஸ்பரஸ் குறையும்போது இது ரொம்ப முக்கியம். கடலடியையும் தனியாகக் கணக்கிடுகிறது. ஆழம் குறைந்த கண்டத்திட்டுக் கடலில் கடலடியை விட்டுவிட்டுப் பார்த்தா பாதிக் கதைதான் தெரியும். இன்னொன்று, இது திறந்த மூல நிரல். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சரி, இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். இந்த மாதிரி 'வேலை செய்கிறது' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அடிக்கடி காட்டப்படுவது கடல் மேற்பரப்பின் பச்சைய அளவு. செயற்கைக்கோள் படம் ஒரு பக்கம், மாதிரியின் படம் இன்னொரு பக்கம். ஆனால் கரையோரக் கடலில் வண்டலும் கரைந்த கரிமப் பொருளும் நீரின் நிறத்தை மாற்றி, செயற்கைக்கோள் கணிப்பையே குழப்பிவிடும். அதாவது அளவுகோலே கொஞ்சம் வளைந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பச்சைய அளவு என்பது வரவு செலவு போக மிஞ்சும் இருப்பு மாதிரி. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம் (எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை). முதல் மாதிரியில் தாவர மிதவையின் வளர்ச்சி நாளுக்கு 0.9, இழப்பு 0.8. இரண்டாவதில் வளர்ச்சி 0.5, இழப்பு 0.4. இரண்டிலும் மிச்சம் 0.1 தான். வரைபடத்தில் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படியும். இப்போது சத்தைக் குறைத்து, வளர்ச்சி 20% விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு வீதம் மாறவில்லை. முதல் மாதிரியில் 0.72 கழித்தல் 0.8, மிதவைகள் தேய ஆரம்பிக்கும். இரண்டாவதில் 0.4 கழித்தல் 0.4, அப்படியே நிற்கும். நேற்று வரை ஒரே விடை சொன்ன இரண்டும் இன்று வேறு வேறு விடை சொல்கின்றன!

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. வடகடலில் சேரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் 1985க்கும் 1995க்கும் இடையில் சுமார் 50% குறைப்பதென்று கரையோர நாடுகள் 1980களின் கடைசியில் ஒப்புக்கொண்டன. இன்னும் எவ்வளவு குறைத்தால் கடல் எப்படி மாறும் என்ற கேள்விக்கு மாதிரிகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த விடையை வைத்து விவசாயியின் உரத்துக்கும் நகரத்தின் கழிவுநீர் நிலையத்துக்கும் விதிகள் வரும். அங்கே தேவைப்படுவது கடலின் இன்றைய நிலை அல்ல, மாற்றத்துக்கு அது காட்டும் எதிர்வினை. நாம் சோதிப்பதோ நிலையை மட்டும். மென்பொருள்காரனாகச் சொன்னால், உள்ளே இருக்கும் எந்தச் செயற்கூற்றையும் தனியாகச் சோதிக்காமல், கடைசித் திரை சரியாக வருகிறது என்று வெளியிட்டுவிடுவது போல.

'அப்படின்னா எளிய மாதிரியே போதுமே' என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கைகாட்டுவது 2014இல் வந்த ஒப்பீட்டை. 7 முதல் 57 மாறிகள் வரை கொண்ட ஆறு மாதிரிகளை ஒரே கடல் இயற்பியலில் ஓட்டிப் பார்த்தார்கள். எர்செமும் அதில் ஒன்று. பல அளவுகளில் எளியவையே கண்டறிந்த தரவுக்கு நெருக்கமாக வந்தன. ஆனால் அது உலகப் பெருங்கடல் முழுமைக்குமான மொத்தக் கணக்கு. கண்டத்திட்டுக்காகப் பிறந்த மாதிரியை அதை மட்டும் வைத்துத் தள்ளுவது நியாயமில்லை. எளிய மாதிரிகளால் நுட்பமான செயல்முறைகளை அதிகம் விளக்க முடியாது என்று அதே கட்டுரை சொல்வதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அப்புறம் என்னதான் செய்யலாம்? நான் எதிர்பார்ப்பது மூன்று. ஒன்று, இருப்பை மட்டுமல்லாமல் வேகங்களையும் ஒப்பிட வேண்டும். மேய்ச்சல் வேகத்தை நீர்த்தல் சோதனை மூலம் 1980களிலிருந்தே அளக்கிறார்கள். இரண்டு, பச்சையத்தோடு சமமாகப் பொருந்தும் பல அளவுருத் தொகுப்புகளை ஓட்டி, விடையை ஒற்றைக் கோடாக இல்லாமல் பட்டையாகக் காட்ட வேண்டும். மூன்று, வடகடலுக்கு வரும் பாஸ்பரஸ் 1980களுக்குப் பிறகு நிஜமாகவே வெகுவாகக் குறைந்தது. நைட்ரஜன் அந்த அளவுக்குக் குறையவில்லை. இயற்கையே நடத்திக்கொடுத்த சோதனை இது. அதற்குக் கடல் காட்டிய எதிர்வினை மாதிரியில் வருகிறதா என்பதே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

எர்செம் குழுவினரே இந்தத் திசையில் நடந்திருக்கிறார்கள். 2016இல் வந்த ஒரு கட்டுரையில் கார்பன்-பச்சைய விகிதம், மிதவைகளின் அளவுவாரியான பங்கு போன்ற உள் பண்புகளை வைத்து மாதிரியை எடைபோட்டார்கள். பாராட்ட வேண்டிய வேலை. கொள்கை அறிக்கைகளிலும் அது வழக்கமாக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சந்தேகம் இருப்பவர்கள் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நீர்த்தூணுக்கான எர்செம் சாதாரண மடிக்கணினியில் ஓடும். வளர்ச்சியையும் மேய்ச்சலையும் சேர்த்து ஏற்றுங்கள், பச்சையக் கோடு பெரிதாக நகராத இடத்தைத் தேடுங்கள். பிறகு நைட்ரேட்டைப் பாதியாக்கிப் பாருங்கள்.