ஈரமணலில் எந்தக் கருவி அமைதியாக இருக்கும்? இரண்டு மெட்டல் டிடெக்டர்கள், ஒரு கடற்கரை

மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடி ஆழம் வரை பிடிக்கும்?" என்பதைத்தான். கடற்கரைக்கு வாங்குவதாக இருந்தால் அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடலாம். அலை வந்து நனைத்துவிட்டுப் போன மணல்மேல் கருவியை நீட்டினால் அது அமைதியாக இருக்குமா, இல்லை காரணமே இல்லாமல் கத்திக்கொண்டிருக்குமா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மோதிரமும் காசும் அதிகம் தொலைவது அங்கேதான். குளிக்க இறங்குகிறார்கள், விரல் குளிர்ந்து சுருங்குகிறது, மோதிரம் நழுவிவிடுகிறது.

நான் பார்த்த இரண்டும் ஆரம்பநிலைக் கருவிகள். ஒன்று துருக்கி நிறுவனமான நோக்டாவின் சிம்ப்ளெக்ஸ் பிளஸ். மற்றது ஆஸ்திரேலிய நிறுவனமான மைன்லேபின் வான்குவிஷ் 440. சிம்ப்ளெக்ஸ் 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குகிறது. வான்குவிஷ் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்புகிறது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் கடற்கரையில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஆந்திராவில் நான் இருக்கும் பாகாலா கடலோர ஊர் இல்லை. ஆனால் பக்கத்து மலைகளில் பிறக்கிற சுவர்ணமுகி, திருப்பதி, காளஹஸ்தி வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் சேர்கிறது. 2022ல் திருப்பதி தனி மாவட்டமானபோது வாகாடு பக்கத்துக் கரையும் அதோடு சேர்ந்து வந்தது. அதனால் ஆற்றின் வறண்ட மணலில் முதல் சோதனை, வாகாடு மண்டலத்துத் தூப்பிலிபாளையம் கடற்கரையில் அடுத்த சோதனை என்று வைத்துக்கொண்டேன். ஒன்று உப்பில்லாத மணல், மற்றது உப்பு மணல். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது.

புதுக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வீட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அது வேண்டாம். தளத்துக்குள் கம்பி கட்டியிருக்கிறது, கருவி அதைத்தான் பேசும். 1881ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்துகொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த இரும்புச் சுருள்கள் குழப்பிவிட்டன என்று காரணம் சொல்வார்கள். பாகாலா ஜங்ஷன் பக்கமும் போகாதீர்கள். மின்ரயில் பாதைக்கு அருகில் எந்தக் கருவியும் நிம்மதியாக இருக்காது. ஊரை விட்டுத் தள்ளி, ஆற்று மணலில் வைத்துப் பாருங்கள்.

வேலை செய்கிற விதம் எளிமையானதுதான். தட்டு போல இருக்கும் காயில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தைக் கீழே அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தில் பட்டால் உலோகத்துக்குள் சிறு மின்னோட்டம் சுழலும். அந்தச் சுழலின் எதிரொலிதான் நம் காதில் சத்தமாகவும் திரையில் எண்ணாகவும் வருகிறது. இந்தச் சுழற்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் நம் நகைகள் விஷயத்தில் நிறையப் புரியும்.

ஆற்று மணலில் ஒரு தங்க மோதிரம், வெள்ளி மெட்டி, மெல்லிய சங்கிலி, சில காசுகள் எல்லாவற்றையும் நைலான் நூலில் கட்டிப் புதைத்தேன். நூல் அவசியம். இல்லாவிட்டால் சோதனைக்குப் புதைத்ததையே தேடிக்கொண்டிருக்க நேரும். மோதிரத்தை இரண்டு கருவிகளுமே ஒரு சாண் ஆழத்தில் தெளிவாகப் பிடித்தன. உலர்ந்த மணலில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். மெட்டி விஷயம் வேறு. அது வாய் திறந்த வளையம் என்பதால் மின்னோட்டம் முழுச் சுற்று வர முடிவதில்லை. எடை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும், மோதிரம் கணீரென்று பேசிய ஆழத்தில் மெட்டி முனகியது. விரலால் முனைகளை அழுத்தி ஒட்டவைத்துப் பார்த்தேன், சத்தம் உடனே ஏறியது.

சங்கிலி இன்னும் மோசம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் குட்டி வளையம். கருவிக்குக் கேட்பது கொக்கியும் தொங்கலும்தான். யாராவது தாலிச் சங்கிலி தொலைந்துவிட்டது என்று அழைத்தால், சங்கிலியைத் தேடுவதாக நினைக்காமல் அதில் கோத்த தாலியையும் காசையும் தேடுவதாக நினைத்துக்கொண்டு நிதானமாக ஓட்டுங்கள். அவை திண்ணமான தங்கம், கட்டாயம் பேசும். இந்த ஒரு உதவிக்காகவே ஊருக்கு ஒரு டிடெக்டர் இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். கரையில் உட்கார்ந்து கைகளால் மணலை அளைந்து அளைந்து அழும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

திரையில் வரும் எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வான்குவிஷில் மைனஸ் 9 முதல் 40 வரை, சிம்ப்ளெக்ஸில் 0 முதல் 99 வரை. இரும்பு கீழ்க்கோடியில், வெள்ளி மேல்கோடியில். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் அமெரிக்கக் காசுகளையும் 10, 14 காரட் மோதிரங்களையும் வைத்துப் போட்டவை. நம் 916 தங்கத்தில் கலப்பு குறைவு, மின்சாரத்தை அவற்றைவிட நன்றாகக் கடத்தும். அதே அளவு மோதிரம் அந்த அட்டவணை சொல்வதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். காசுகளில் குழப்பம் இன்னும் அதிகம். இப்போது புழங்கும் 1 ரூபாயும் 2 ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. எண் இரும்புப் பக்கத்துக்கும் நல்ல உலோகப் பக்கத்துக்குமாகத் தாவிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டுக்காரர் சொன்னாரே என்று இரும்பை முழுக்க அடைத்துவிட்டு நடந்தால் நம் சில்லறையில் பாதியைத் தாண்டிப் போய்விடுவீர்கள். பித்தளை நிற 5 ரூபாய் ஒழுங்காகப் பேசும். பழைய அலுமினிய 10 பைசாவும் நன்றாகவே கேட்கும், ஆனால் குளிர்பான மூடிகளும் தகரத் துண்டுகளும் அதே வட்டாரத்தில்தான் நிற்கின்றன.

இனி கடல். உலர்ந்த மேல்மணலில் இரண்டு கருவிகளும் ஆற்றில் நடந்தது போலவே நடந்தன. நீர்க்கோட்டை நெருங்க நெருங்கத்தான் கதை மாறியது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். எனவே நனைந்த மணல் முழுவதும் கருவிக்கு ஒரு பெரிய உலோகம் போலத் தெரியும். ஒற்றை அலைவரிசைக் கருவி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் இதற்கு இரண்டே வழிதான் வைத்திருக்கிறது: சென்சிட்டிவிட்டியைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உப்பு பேசும் எண்களை அடைக்க வேண்டும். சிம்ப்ளெக்ஸின் பீச் மோடில், காயிலை மேலும் கீழும் அசைத்துத் தரைக்கு ஏற்பச் சமன் செய்துவிட்டுச் சென்சிட்டிவிட்டியைப் படிப்படியாக இறக்கினால் அமைதி வருகிறது. ஆனால் உப்பு பேசும் அந்த எண்களுக்குப் பக்கத்திலேயேதான் மெல்லிய தங்கமும் பேசும். உப்பை அடைத்தால் கம்மலும் மெல்லிய மோதிரமும் சேர்ந்து அடைபடும். குறை கருவியில் இல்லை, அந்தத் தொழில்நுட்பத்தின் எல்லையே அவ்வளவுதான்.

பல அலைவரிசைக் கருவி, உப்பு ஒவ்வொரு அலைவரிசையிலும் எப்படி எதிரொலிக்கிறது என்று ஒப்பிட்டு அதை மட்டும் கழித்துவிடுகிறது. வான்குவிஷ் 440ஐ ஜுவல்லரி மோடில் வைத்து, காயிலைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் பிடித்து, சரிவில் கரைக்கு இணையாக மெதுவாக வீசினேன். அலை காயிலை நனைத்துவிட்டுப் போகும் கணத்தில் ஒரு சிறு குரல், பிறகு அமைதி. அந்த அமைதியில், நுரை வற்றிய இடத்தில், இரு பக்கமிருந்து வீசினாலும் அதே தொனியில் ஓர் எண் வந்தது. தோண்டினேன். ஜல்லிக்கரண்டி மாதிரி ஓட்டை போட்ட மண்வாரியில் மணல் வடிந்ததும் அடியில் நின்றது ஒரு பித்தளைத் தூண்டில் எடை. விளிம்பு தேய்ந்து பச்சை படிந்திருந்தது. தங்கம் இல்லைதான். ஆனால் அந்த ஈரத்தில் அவ்வளவு சுத்தமான சத்தம் கேட்டதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தக் கரையில் தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள் உண்டு. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப கரை ஏறிக் கெடக்கு. புயல் விட்டப் பொறவு வா. மணல வெட்டிக்கினு போயிருக்கும், கனமானது எல்லாம் அடியில தங்கும்" என்றார். எந்தக் கையேட்டையும்விட நல்ல ஆலோசனை. மணலை அலை வெட்டிக்கொண்டு போன திட்டுகளின் அடியில்தான் கனமான பொருள்கள் ஒதுங்கும். கருமணல் கோடுகள் தெரிகிற இடமும் அதுதான். அந்தக் கருமணலில் இருக்கும் மாக்னடைட், இல்மனைட் தாதுக்கள் கருவியைத் திணறடிக்கும் என்பதால் அங்கே இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

இங்கே உப்பாடாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. காக்கிநாடா பக்கத்தில் கடல் பல காலமாக ஊரையே அரித்துக்கொண்டிருக்கும் கரை அது. 2020 நவம்பரில் நிவர் புயல் கடந்த பிறகு அங்கே மணலில் தங்கத் துணுக்குகள் கிடைப்பதாகச் சொல்லி ஊரே கரையில் குவிந்தது. கடல் கொண்டுபோன கோயில்களிலும் வீடுகளிலும் இருந்தவைதான் இவை என்பது அங்கே சொல்லப்படும் விளக்கம். கருவி வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. குன்றிமணியிலும் சிறிய துணுக்கை, அதுவும் உப்பு ஈரத்தில், இந்த விலைக் கருவிகள் கேட்காது. அங்கே கண்ணும் கையும்தான் ஜெயிக்கும். டிடெக்டரை வைத்துக்கொண்டு உப்பாடாவுக்குப் போனால் அள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஏமாறக்கூடிய இன்னொரு இடம், ஓதம். பிரிட்டனின் சில கரைகளில் நீர் பத்து மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும், கடல் விலகிய ஈரவெளியில் மணிக்கணக்கில் நடக்கலாம். சோழமண்டலக் கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டித்தான். நமக்குக் கிடைப்பது சரிவான ஒரு குறுகிய பட்டை, வற்றத்தையொட்டிக் கொஞ்ச நேரம். அதனால் நீருக்குள் இறங்கவேண்டிய தேவை நமக்கு அதிகம். இந்த இடத்தில் சிம்ப்ளெக்ஸ் பிளஸ் முந்துகிறது. கருவி முழுவதுமே 3 மீட்டர் வரை நீர் புகாதது. வான்குவிஷில் காயிலை மட்டும்தான் நனைக்கலாம், மேலே இருக்கும் பெட்டியை நனைக்கக் கூடாது. முழங்கால் நீரில் நின்றிருக்கும்போது எதிர்பாராத அலை ஒன்று இடுப்புக்கு மேல் அடித்தால் என்ன ஆகும் என்பதை எந்நேரமும் நினைத்துக்கொண்டே நிற்க வேண்டும். மழை உறை ஒன்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் உறை நீர்ப்புகாமைக்கு ஈடாகாது.

இரண்டும் வேண்டும் என்றால் நோக்டா லெஜண்ட், மைன்லேப் ஈக்வினாக்ஸ் வரிசைதான். பல அலைவரிசையும் உண்டு, நீருக்குள்ளும் போகலாம். விலை ஒரேயடியாக ஏறுகிறது. முக்குளிப்பவர்களுக்கான பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகள் உப்பையும் கருமணலையும் சட்டைசெய்யாதவை. ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல மாட்டா. நம் கரைகளில் கிடக்கும் இரும்புக்கு அதை வைத்துக்கொண்டு மாளாது.

எந்தக் கருவி வாங்கினாலும் கைக்கு அடக்கமான பின்பாயிண்டர் ஒன்றையும் நல்ல மண்வாரி ஒன்றையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஈரமணலில் தோண்டிய குழி அடுத்த அலையில் மூடிவிடும். பொருள் குழியில் இருக்கிறதா, வாரியில் வந்துவிட்டதா என்று பின்பாயிண்டர்தான் உடனே சொல்லும்.

சட்டத்தை விளையாட்டாக எடுக்க வேண்டாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மாமல்லபுரம், அரிக்கமேடு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கருவியோடு கால் வைக்கவே கூடாது. வாகாடு கரையும் சாதாரணக் கரை இல்லை. சென்னைக்கு முன்பே, 1620களில், ஆங்கிலேயக் கம்பெனி ஆர்மகான் என்ற பெயரில் துர்கராஜபட்டினத்தில் கடை விரித்திருந்தது. பிரான்சிஸ் டே அங்கிருந்துதான் சென்னை நிலத்தைப் பார்த்து முடித்தார். பழைய காசு ஒன்று அகப்பட்டால் அது இருந்த இடமும் ஆழமும் சேர்ந்ததுதான் வரலாறு. எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த வரலாறு போய்விடும். தெற்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் வேறு இருக்கிறது. காயிலும் ஹெட்போனுமாகக் கரையில் நடப்பவரைக் கடலோரக் காவலர்கள் நிறுத்தி விசாரிப்பது நியாயம். முன்கூட்டியே காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ஜனவரி முதல் கோடை வரை பங்குனி ஆமைகள் மேல்மணலில் முட்டையிட்டுப் பொரிக்கும் காலம், அப்போது உலர்மணலில் தோண்டவே வேண்டாம்.

என் தேர்வு: பெரும்பாலும் கரையில் நின்று, ஈரச் சரிவில் தேடப்போகிறவருக்கு வான்குவிஷ் 440. ஆற்று மணல், தோட்டம், எப்போதாவது கடல், கூடவே தண்ணீருக்குள் இறங்கும் ஆசை என்றால் சிம்ப்ளெக்ஸ் பிளஸ். அது அமெரிக்காவில் 300 டாலருக்குள் வந்த கருவி, இங்கே இறக்குமதிச் செலவும் வரியும் சேரும். வாங்கும்போது பழுது பார்த்துத் தருவது யார், இந்தியாவிலேயே செய்வார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வான்குவிஷ் நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும், பாகாலா கடைத்தெருவிலேயே கிடைக்கும். சிம்ப்ளெக்ஸின் பேட்டரி உள்ளேயே இருப்பது, கிளம்பும் முன் இரவே சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். கரையிலிருந்து திரும்பியதும் இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காயிலின் உறையைக் கழற்றி உள்ளே சேர்ந்திருக்கும் மணலைத் தட்டுங்கள், தண்டின் பூட்டுகளைத் திறந்து வைத்தே உலரவிடுங்கள்.